துப்பறியும் கதை கற்றுத் தந்த பாடம்



அரபுக் கல்லூரியில் ஓதி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு மௌலவி துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். நானும் முகம் சுளித்தவன்தான். ஆனால், சுளித்துக்கொண்டே வாசித்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எங்கள் கரையோரத்தில் முகாம்களில் வந்து தங்கினார்கள். முகாம் பெண்களும் எங்கள் வீட்டுப் பெண்களும் பழைய கதைப் புத்தகங்களைக் கைமாற்றி வாசித்தார்கள். ராத்தாவின் இரண்டு கைகளும் கிடுகு பின்னுவதில் இருக்கும். எனவே, வாசித்துக் காட்டுவது சிறுவனான என் வேலை. சில பக்கங்கள் வந்தால் மட்டும் புத்தகத்தைப் பறித்துக்கொள்வார்.

அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் வக்கீல் கணேஷ். எழுத்தாளர் சுஜாதா 1968இல் குமுதத்தில் எழுதிய 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமானவர். பிறகு உதவியாளராக வஸந்த் சேர்ந்துகொண்டார். பெண்களைப் பற்றி வஸந்த் விடும் பகிடிகள் அன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஓதப் போனதும், இனி இவற்றைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். விடுமுறைக்கு வந்தபோது முதலில் திறந்தது ராத்தாவின் அலுமாரியைத்தான்!

இக்கதைகள் படங்களாகவும் வந்தன. 1978இல் வெளியான 'ப்ரியா'வில் ரஜினிகாந்த் கணேஷாக நடித்தார். நாவலில் லண்டனில் நடப்பது படத்தில் சிங்கப்பூருக்கு மாறியது. யோசித்து யோசித்து முடிச்சவிழ்க்கும் வக்கீல், பாட்டும் சண்டையுமாகக் கதாநாயகன் ஆகிவிட்டார். "இவரா கணேஷ்?" என்று எனக்குக் கோபம் வந்தது. "படமே கூடாது என்றவருக்கு ஏன் இந்தக் கோபம்?" என்று ராத்தா சிரித்தார்.

அதற்கு முந்திய வருடம், 1977இல் வந்த 'காயத்ரி' வேறு விதம். அதில் ஜெய்சங்கர்தான் கணேஷ். ரஜினிகாந்த் கொடுமைக்காரக் கணவன், ஸ்ரீதேவி மனைவி. புதுமணப் பெண்ணை அவளுக்கே தெரியாமல் வீட்டுக்குள் படம் பிடித்து விற்கிறான் கணவன். வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாத அவள் எழுதி வைக்கிறாள். அந்த எழுத்து கணேஷிடம் போய்ச் சேருகிறது. யாரோ ஒரு பெண்ணின் கற்பனை என்று அவர் அதைத் தள்ளிவிடவில்லை.

இந்தக் கதையின் பெறுமதி எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. ஒருநாள் ஒரு சகோதரி என் மனைவியுடன் வந்து உட்கார்ந்தார். கணவர் தன்னைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டுவதாகச் சொல்லி அழுதார். "பொறுமையாக இருங்கள், குடும்பம் உடைந்துவிடும்" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது காயத்ரி ஞாபகத்துக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டேன். மறுநாள் அவருடைய சகோதரரும் என் மனைவியும் துணைக்குப் போக, பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகத்தில் முறைப்பாடு செய்தார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் வன்முறை என்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. இவற்றை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

கதைப் புத்தகத்தை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் மகளோ மருமகளோ தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தால், பாதியில் நிறுத்திப் புத்தி சொல்லிவிடாதீர்கள். மர்மக் கதை என்றால் கடைசிப் பக்கம் வரை பொறுமையாக வாசிக்கிறோமே, அந்தப் பொறுமையை அவளுக்கும் கொடுங்கள்.