லண்டனில் காந்தி சாப்பிட்டது

1888 செப்டம்பர் 4ஆம் தேதி, சட்டம் படிக்க பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. போகக் கூடாது என்று தடுத்தவர்களின் அச்சம் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியதுதான். வெள்ளைக்காரர்களோடு உண்ணாமல், குடிக்காமல் அங்கே காலம் தள்ள முடியாது என்றார் மோத் பனியா சாதித் தலைவர். காந்தி பிடிவாதமாக நின்றதும் அவரைச் சாதியிலிருந்து தள்ளிவைத்தார். அவருக்கு உதவுகிறவர்களுக்கும் வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். தாய் புத்லிபாய்க்கும் ஏறக்குறைய அதே கவலை. பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்த பிறகே அவர் விடைகொடுத்தார்.

ஆனால் புறப்பட்ட வேளையில் காந்தி கொள்கையால் சைவர் அல்ல. ராஜ்கோட்டில் பள்ளி நாட்களில், நண்பர் ஒருவரின் பேச்சை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் ஆட்டிறைச்சி சாப்பிட்டிருக்கிறார். இறைச்சி தின்பதால்தான் ஆங்கிலேயனுக்கு வலு, அதனால்தான் அவன் நம்மை ஆள்கிறான் என்பது அன்றைய இளைஞர்கள் பலரின் எண்ணம். பெற்றோரிடம் பொய் சொல்ல மனமில்லாமல் அதை நிறுத்தினாரே தவிர, இந்தியர் எல்லோரும் ஒருநாள் இறைச்சி உண்ண வேண்டும் என்றே நினைத்திருந்தார். லண்டனுக்கு அவர் கொண்டுபோனது தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒன்றைத்தான்.

தொல்லை கப்பலிலேயே தொடங்கிவிட்டது. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கவும் கூச்சம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இனிப்பையும் பழங்களையும் கொண்டே அறைக்குள் பெரும்பாலும் பொழுதைக் கழித்தார். பிஸ்கே வளைகுடாவைத் தாண்டினால் இறைச்சி இல்லாமல் உயிர் தரிக்க முடியாது என்று உடன் வந்த ஆங்கிலேயர் எச்சரித்தார். வளைகுடா வந்து போனது, ஒன்றும் ஆகவில்லை. வழியில் இறைச்சி உண்ணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஊரில் யாரேனும் சந்தேகப்பட்டால் காட்டுவதற்குத்தான்.

லண்டனில் பசி உண்மையாகவே வந்தது. உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த காய்கறி தொண்டையில் இறங்கவில்லை. ரிச்மண்டில் நண்பர் வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைத்தது. அது ஓரளவு வயிற்றை நிரப்பும். மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். பாலும் கிடையாது. இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்பது அழகல்ல என்று நினைத்துப் பட்டினியோடு எழுந்துவிடுவார். மேற்கு கென்சிங்டனில் ஒரு விதவையின் வீட்டுக்கு மாறியபோது, அவருடைய இரண்டு பெண்களும் இன்னும் ஓரிரு துண்டு வைத்துக்கொள்ளும்படி சொல்வார்கள். முழு ரொட்டியையும் தின்றாலொழிய அடங்காத பசி அது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்! உணவு எதிரில் இருந்தும் கேட்க வாய் வராமல் கிடந்த பட்டினி இது. வெளிநாட்டில் பிறர் வீட்டில் தங்கிய எவருக்கும் இது புரியும்.

சைவ உணவகங்கள் லண்டனில் உண்டு என்று சொன்னது அந்த வீட்டுக்காரம்மாதான். தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடியலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். உள்ளே நுழையுமுன் கதவருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு இருந்த புத்தகங்கள் கண்ணில் பட்டன. ஹென்றி சால்ட் எழுதிய 'எ பிளீ ஃபார் வெஜிடேரியனிசம்' நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இங்கிலாந்துக்கு வந்தபின் அன்றுதான் வயிறார உண்டார். புத்தகத்தை முழுவதும் படித்து முடித்ததும், வாக்குக்காகக் காத்துவந்த சைவம் அவருடைய சொந்த முடிவாக மாறியது. குஜராத்தில் வைணவ வீட்டில் பிறந்தவர் சைவத்தை மனதார ஏற்றுக்கொண்டது ஓர் ஆங்கிலேயர் எழுதிய நூலைப் படித்து என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூச்சமும் குறைந்தது. ஹோல்பர்ன் உணவகத்துக்கு ஒரு நண்பர் விருந்துக்கு அழைத்துப் போனபோது, முதலில் வந்த சூப்பில் இறைச்சி இருக்கிறதா என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு விசாரித்தார். நண்பருக்குக் கோபம்: நாகரிகமாக நடக்கத் தெரியாவிட்டால் வெளியே போ என்றார். காந்தி வெளியேறினார். பக்கத்திலிருந்த சைவ உணவகம் மூடியிருந்ததால் அன்றிரவு பட்டினி. சாப்பாட்டில் விட்டுக்கொடுக்க முடியாததை உடையில் ஈடுகட்டுவோம் என்று பாண்ட் தெருவில் பத்துப் பவுனுக்கு சூட் தைத்து, நடனமும் வயலினும் கற்கப் புறப்பட்டதும் இதையடுத்துத்தான். அந்த மோகம் மூன்று மாதத்தில் தணிந்தது.

பிறகு தனி அறை எடுத்து, அடுப்பு வாங்கி, தானே சமைத்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும். செய்ய இருபது நிமிடம் போதும். மதியம் வெளியில், இரவு மறுபடி ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். ஊரிலிருந்து வரவழைத்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்திவிட்டார். ரிச்மண்டில் விழுங்க முடியாமல் தவித்த அதே அவித்த கீரை இப்போது ருசித்தது. இந்த மாற்றம் கவனிக்க வேண்டியது. ஊர்ச் சுவையை அவர் விட்டுவிட்டார். ஊரில் போட்ட எல்லைக்கோட்டை விடவில்லை. முட்டை இறைச்சியாகாது என்று சிலர் வாதிட்டதைக் கேட்டுக் கொஞ்ச காலம் முட்டையும் உண்டார். சத்தியம் வாங்கிய தாயின் கணக்கில் முட்டையும் மாமிசமே என்று உணர்ந்ததும் அதைக் கைவிட்டார். அதன்பின் சைவ உணவகத்திலும் புட்டிங்கிலும் கேக்கிலும் முட்டை உண்டா என்று கேட்டே சாப்பிட வேண்டியிருந்தது.

லண்டன் சைவச் சங்கத்தின் செயற்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. 1891இல் 'தி வெஜிடேரியன்' வார இதழில் இந்தியரின் உணவையும் பண்டிகைகளையும் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். கூச்சத்தால் ரொட்டி கேட்கத் தயங்கியவர், தம் நாட்டார் என்ன உண்கிறார்கள் என்று ஆங்கிலேயருக்கு எடுத்துச் சொன்னார்.

பழைய நாக்கு அடியோடு மாறிவிட்டதா என்றால், இல்லை. குஜராத்தி எழுத்தாளர் நாராயண் ஹேமசந்திரா லண்டன் வந்திருந்தபோது, காந்தி ஆங்கிலேய முறையில் கேரட் சூப் வைத்துக் கொடுத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் எங்கிருந்தோ பாசிப்பயறு தேடிப் பிடித்து, சமைத்து, காந்தியின் அறைக்கே கொண்டுவந்தார். காந்தி அதை ஆசையோடு சாப்பிட்டார்.

1891 ஜூன் 12ஆம் தேதி காந்தி ஊர் திரும்பக் கப்பலேறினார். சாதிக்குள் மீண்டும் சேர நாசிக்கில் புனித நீராடல், ராஜ்கோட்டில் சாதி விருந்து. வீட்டில் அண்ணன் ஏற்கெனவே மேல்நாட்டுப் பழக்கங்களைப் புகுத்தியிருந்தார். காப்பியும் தேநீரும் வழக்கமாகியிருந்தன. அவற்றுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று காந்தி ஓட்ஸ் கஞ்சியையும் கோகோவையும் கொண்டுவந்தார். காப்பியும் தேநீரும் போகவில்லை; அவற்றோடு கஞ்சியும் கோகோவும் சேர்ந்துகொண்டன, வீட்டுச் செலவும் கூடியது.