பூமி ஏன் திடீரென உள்வாங்குகிறது?

சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறை. மழைநீருக்கு அது லேசில் கரையாது. சங்ககிரியில் சிமென்ட்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் கரையும்தான். ஆனால் அது குறுகிய பட்டைகளாகவே கிடக்கிறது.

ஆந்திராவின் கடப்பா அப்படியல்ல; அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை பரவலாக இருக்கிறது. 2015 கடைசியில், பெருமழைக்குப் பிறகு, சிந்தகொம்மதின்னெ மண்டலத்தில் கிணறு போலப் பள்ளங்கள் விழுந்தன. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவோடு கலந்து லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளைக் காலங்காலமாக அரித்துப் பொந்தாக்குகிறது. பொந்தில் நீர் நிற்கும்வரை மேல்மண்ணுக்கு அதுவே முட்டு. போர்வெல்கள் நீர்மட்டத்தை இறக்கினால் முட்டு போச்சு. பிறகு ஓர் அடைமழை போதும். மண் நனைந்து கனத்து, மொத்தமாக உள்ளே!

ஆபத்து வரைபடம் எப்படிப் போடுகிறார்கள்? பாறை வகை, பழைய பள்ளங்கள், நீர்மட்ட ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் வரிசையாக உலோகக் கம்பிகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, மின்தடை அளப்பார்கள். காற்றுப் பொந்து என்றால் தடை எகிறும். சேறு நிறைந்த பொந்து என்றால் இறங்கும். இந்தக் குழப்பத்தால், துளையிட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

அடியில் கரையாத பாறை என்பதால், சேலத்துத் தெருவில் பள்ளம் விழுந்தால், முதலில் உடைந்த குழாயைத் தேடுங்கள்.