மோட்டார் அறைக் கூரை ஒழுகினால்...

தோட்டத்து மோட்டார் அறைக்குப் புதிதாகப் போட்ட சிமெண்ட் அட்டைக் கூரை முதல் மழையிலேயே ஒழுகி, ஸ்டார்ட்டர் பெட்டியில் தண்ணீர் சொட்டினால், முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு ஓட்டைகளைப் பூசி மறைக்கக் கூடாது. கொக்கி போல்ட்டை அட்டையின் மேட்டில் போடாமல் பள்ளத்தில் போட்டிருக்கிறார்களா, மேலட்டை கீழட்டையின் மீது 15 செ.மீ.யாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். (ஒப்பந்தக்காரரோ அட்டையைக் குறை சொல்வார்!)

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, சரிசெய்து தரும்படி ஒப்புகைச் சீட்டுடன் விரைவுத் தபாலில் எழுத வேண்டும். அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் கொடுத்தபோது கையெழுத்து வாங்காதவர்கள்தான் அங்கே தடுமாறுகிறார்கள்.