கூண்டுப் பறவைக்குச் சமையலறையில் எமன்!
நாம் தின்னும் வெங்காயம் அதற்கு விஷம்

கூடுவாஞ்சேரி-

வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டினால் கூடுவாஞ்சேரி. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய தெருக்களில் புதுப்புது பிளாட்டுகள். ஆங்காங்கே பால்கனியில் ஒரு கூண்டு தொங்கும். உள்ளே "லவ் பேர்ட்ஸ்" கீச்சிடும்.

காலையில் துள்ளிய பறவை, மாலையில் கூண்டுத் தரையில் விறைத்துக் கிடக்கும். பிள்ளைகள் அழும். பூனை வரவில்லை. பாம்பு வரவில்லை. பூட்டிய கதவு பூட்டியபடி இருக்கும். அப்படியானால் கொன்றது யார்?

பல வீடுகளில் குற்றவாளி சமையலறைதான்!

"நாம சாப்பிடறதைத்தானே குடுத்தோம்?" என்பார்கள். அதுதான் தப்பு.

எது விஷம்?

வெங்காயமும் பூண்டும் பறவையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஜூஸ் கடையில் விற்கும் பட்டர் ப்ரூட் இதயத்தைத் தாக்கும். சாக்லேட், காபி, டீ கூடவே கூடாது. ஆப்பிள் தரலாம், விதையை எடுத்துவிட வேண்டும். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. உப்பு போட்ட சுண்டல், சிப்ஸ், ஊறுகாய்... தொடவே விடாதீர்கள்.

இன்னொரு எமன் கண்ணுக்குத் தெரியாது. நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் ஒரு புகை வரும். நமக்கு ஒன்றும் தெரியாது. பறவை சில நிமிடங்களில் சுருண்டு விழும். கூண்டைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.

எது நல்லது?

தினையும் கம்பும் மட்டும் போட்டு வளர்த்தால் 'ஏ' வைட்டமின் குறைந்து, மூக்கும் மூச்சும் கெடும். காய்கறி அதற்கு மருந்து.

துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, பீன்ஸ், கொத்தமல்லி, முருங்கைக்கீரை கொடுக்கலாம். பச்சை மிளகாய்கூடத் தரலாம்! பறவைக்குக் காரம் உறைக்காது. பசலைக்கீரை எப்போதாவது கொஞ்சம் போதும். அடிக்கடி தந்தால் உடலில் சுண்ணாம்புச் சத்து சேராமல் தடுக்கும்.

மார்க்கெட்டில் வாங்கியதை அப்படியே போடாதீர்கள். பூச்சி மருந்து ஒட்டியிருக்கும். ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, ஈரம் போக உலர்த்தி, பொடியாக நறுக்குங்கள். உப்பு, எண்ணெய், தாளிப்பு வேண்டாம். ஒரு பறவைக்கு ஒரு டீ ஸ்பூன் தாராளம். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். காய் தின்ற அன்று எச்சம் தண்ணியாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பச்சைக்கிளியா? உஷார்!

நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று வளர்ப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பறவை. அதை வளர்க்கத் தடையில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் வீட்டில் இருந்த இரண்டு கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய்! கேரட் கொடுத்து வளர்த்தாலும் சட்டம் விடாது.

பறவை நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் நிலைமை மோசம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். பக்கத்திலேயே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

கூண்டில் இருப்பது தானாகப் போய் இரை தேட முடியாத உயிர். நீங்கள் வைப்பதைத்தான் அது தின்னும். விஷத்தை வைத்தாலும்!