கெலவரப்பள்ளியில் "அண்டர் கரண்ட்"!

கெலவரப்பள்ளி அணையில் "அண்டர் கரண்ட்" ஓடுகிறது என்றால், யாரோ திருட்டு ஒயர் இழுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இது மின்சார வாரியம் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் அல்ல!

கரண்ட் என்றால் நமக்கு மின்சாரம்தான். இங்கிலீஷ்காரனுக்கோ தண்ணீர் ஓடினாலும் கரண்ட், காற்று ஓடினாலும் கரண்ட். மின்சாரத்துக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மேலே அசைவே தெரியாமல் அடியில் மட்டும் ஓடும் நீரோட்டம்தான் அண்டர் கரண்ட்.

டீக்கடை பெஞ்சில்...

நம் ஆட்கள் இந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டது ஆற்றங்கரையில் அல்ல, தேர்தல் நேரத்து டீக்கடையில்! கொடி இல்லை, கோஷம் இல்லை. ஆனால் ஓட்டு ஒரு பக்கமாகச் சாயும் என்று தோன்றினால், "உள்ளுக்குள்ள அண்டர் கரண்ட் ஓடுதுப்பா" என்பார்கள். எண்ணும்போதுதான் உண்மை தெரியும். (தோற்கப்போகிறவரும் இதையே சொல்லிக்கொண்டு தெம்பாக இருப்பார் என்பது வேறு விஷயம்.)

மதகைத் தூக்கினால்...

கெலவரப்பள்ளியிலும் திறந்தால்தான் தெரிகிறது. 44.28 அடி உயர அணை. நிறைந்து நிற்கும்போது தண்ணீர் பரம சாது. மதகைத் தூக்கியதும் அடி இடுக்கு வழியாகப் பீறிடுகிறது. அவ்வளவுதான், தென்பெண்ணை ஆறு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை! காற்றில் பறந்து வயலிலும் ரோட்டிலும் ஒட்டுகிறது. 2024 அக்டோபரில் தட்டிகானப்பள்ளி அருகே தரைப்பாலமே தெரியாதபடி மூடி, போக்குவரத்து நின்றுபோனது.

எங்கிருந்து வந்தது இந்த நுரை?

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூரைத் தொடுமுன் பெங்களூர்க் கழிவைச் சுமந்துகொள்கிறது. பெல்லந்தூர் ஏரி, அடுத்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து ஆறு. 2015-லும் 2017-லும் தீப்பிடித்து எரிந்ததே, அதே பெல்லந்தூர் ஏரிதான். ஏரியில் தீ!

சாக்கடையும் ஆலைக் கழிவும் வீட்டுச் சோப்புத்தூளும் கரைந்து வருகின்றன. சோப்புத் தண்ணீர் வாளியில் நின்றால் சும்மா இருக்கும். உயரத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள், பொங்கும். மதகடியில் நடப்பதும் அதே.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நுரையைத்தான் போட்டோ பிடிக்கிறார்கள். ஆனால் நுரை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கரைந்து போவது அடங்காது. அது கால்வாய் வழியாகச் சுமார் 8,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. ஆற்றோடு போவது கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று தாண்டி, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. நுரை இல்லாத நாளில் தண்ணீர் சுத்தம் என்று நினைத்தால் ஏமாந்தோம். மதகு மூடியிருக்கிறது, அவ்வளவே!

ஓசூர்ப் பக்கத்துக் காய்கறி பெங்களூர்ச் சந்தைக்கும் லாரி ஏறுகிறது. அங்கே ஜலதாரையில் ஊற்றியதில் எத்தனை சொட்டு கூடையோடு திரும்பிப் போகிறதோ!

ஜாக்கிரதை!

நிஜ அண்டர் கரண்டும் உண்டு. மதகு திறந்திருக்கும்போது மேலே சலனமே இருக்காது. அடியில் மதகை நோக்கி இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். நுரை மூடிய தரைப்பாலமோ இன்னும் மோசம். பாலம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று டூவீலரில் வருகிறவருக்குத் தெரியாது. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் அவசரத்திலும், அந்த நாட்களில் சுற்றுவழிதான் நல்லது.