சைக்கிளுக்கும் வீதியில் இடம் உண்டு

சைக்கிளின் அருமையை எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990களில் வடக்கில் எரிபொருள் தடை இருந்தபோது நெல் மூடையையும் விறகையும் நோயாளியையும் சைக்கிளிலேயே ஏற்றிச் சென்றோம். இடம்பெயர்ந்தபோதும் எம்முடன் வந்தது சைக்கிள்தான்.

இப்போது பல இடங்களில் காபெட் வீதிகள் வந்துவிட்டன. பஸ்களும் லொறிகளும் வேகமாகப் போகின்றன. காணிக்குப் போகும் தகப்பனும் பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். விபத்து நடந்தால் "விதி" என்கிறோம். ஆனால் வீதியை அமைப்பவர்கள் மனிதர்கள். ஆகவே அதைத் திருத்தவும் மனிதரால் முடியும். இதற்கு ஒரு நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம்.

பெற்றோர் எழுப்பிய குரல்

யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோண வடிவில் கட்டிய ஒல்லாந்தரின் நாடு நெதர்லாந்து. இன்று அது சைக்கிள்களின் நாடு எனப் பெயர் பெற்றுள்ளது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு கார்கள் பெருகின. கார்களுக்காக வீதிகளை அகலமாக்கினார்கள். 1971ஆம் ஆண்டில் மாத்திரம் வீதி விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் 400 பேருக்கு மேல் சிறுவர்கள்.

விபத்தில் மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர், "சிறுவர் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுதினார். அதே பெயரில் பெற்றோரின் இயக்கம் ஒன்று பிறந்தது. பிள்ளைகள் இறந்த இடங்களில் கூடி நின்றார்கள். தெருக்களை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். எந்தத் திருப்பம் ஆபத்தானது, எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடுக்கப்பட்டபோது, கார் இல்லாத வீதி எப்படி இருக்கும் என்பதை எல்லோரும் கண்டார்கள். 1975இல் சைக்கிள் ஓட்டுநர் சங்கம் உருவானது. பின்னர் படிப்படியாகச் சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் வந்தன. 2023இல் அந்த நாட்டில் வீதி விபத்துகளில் இறந்தோர் தொகை 700க்கும் குறைவு.

பொதுச் சைக்கிள் தந்த பாடம்

அதே நாட்டில், 1965இல் அம்ஸ்டர்டாம் நகர இளைஞர் சிலர் சைக்கிள்களுக்கு வெள்ளை நிறம் பூசி, பூட்டில்லாமல் தெருவில் விட்டார்கள். வேண்டியவர் எடுத்து ஓடலாம், முடிந்ததும் அடுத்தவருக்கு விட்டுச் செல்லலாம் என்பதே எண்ணம். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டவிரோதம் என்று பொலிஸார் அவற்றை எடுத்துச் சென்றனர்.

1995இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில், ஒரு நாணயத்தைப் போட்டால் பூட்டுத் திறக்கும் சைக்கிள்கள் வந்தன. எடுத்தவர் யாரென்று தெரியாததால் பல சைக்கிள்கள் காணாமற் போயின. 1998இல் பிரான்சின் ரென் நகரில், எடுப்பவரைப் பதிவுசெய்யும் அட்டை முறை வந்தது. இம்முறையே பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

பாரிஸ் நகரில் வாடகை மின்சார ஸ்கூட்டர்களைக் கண்ட இடமெல்லாம் விட்டுச் சென்றதால் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் உண்டானது. 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேரளவில் அவை வேண்டாம் என்றனர். அவ்வாண்டு செப்டெம்பர் முதல் அவை வீதியில் இல்லை. பொதுப் பொருளுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்பதே இவை எல்லாம் தரும் பாடம்.

நாம் செய்யக்கூடியவை

• பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் ஒரு வாரம் வீதியில் நின்று, சைக்கிளில் போகும் பிள்ளைகளையும் கனரக வாகனங்களையும் எண்ணிக் குறித்துக்கொள்வோம். ஆபத்தான இடங்களைப் படமாக வரைவோம்.

• கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்புவோம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கும் உரியவை. "வீதி சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்த இடம், என்ன வேண்டும் என்று எழுதுவோம்: மஞ்சள் கடவை, வேகத்தடை, ஓரத்தில் மண் நிரப்புதல்.

• மாதர் சங்கம் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கம் சில சைக்கிள்களைப் பொதுவில் வைத்திருக்கலாம். திறப்பு ஒருவரிடம் இருக்கட்டும். எடுத்தவர் பெயரும் நேரமும் கொப்பியில் பதியப்படட்டும். ஒவ்வொரு முறையும் சிறு தொகை சேர்த்தால், பஞ்சர் ஒட்டவும் டயர் மாற்றவும் உதவும்.

• இருட்டும் முன் பின்புறச் சிவப்பு ஒளிதெறிப்பானையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வோம். விறகு இருபுறமும் நீட்டி நிற்காமல் கட்டுவோம்.

இன்னும் சொந்த ஊர் திரும்பாதோர், "இது எங்கள் வீதியல்லவே" என்று எண்ணலாம். ஆனால் எமது பிள்ளை தினமும் போய்வரும் வீதி எமது வீதிதான். அதைப் பற்றிக் கேட்க எமக்கு உரிமை உண்டு.

குழுவாகச் சிந்திப்போம்

1. எமது பிள்ளைகள் போகும் வழியில் மிக ஆபத்தான இடம் எது?
2. அதை யாரிடம், எப்போது, எத்தனை பேராகச் சென்று சொல்லப்போகிறோம்?
3. பொதுச் சைக்கிள் ஒன்று இருந்தால், யாருக்கு முதலில் உதவும்? யார் பொறுப்பேற்பார்?