மேசைக்கு அடியில் இருந்த கழகம்

கல்லூரிச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். சைவ மாணவர் சங்கம், தமிழ்ச் சங்கம், விவாதக் கழகம் ஆகியவற்றின் அறிக்கைகள் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறும். முத்திரை சேர்ப்போர், வானொலிப்பெட்டி பிணைப்போர், மாதிரி வண்டி செய்வோர் ஆகியோரின் கழகங்களுக்கோ இரண்டு வரி கிடைத்தாற் பெரிது. சில ஆண்டுகளில் அவ்விரண்டு வரியும் மறைந்துவிடும். பொழுதுபோக்குத்தானே என்ற அலட்சியமே இதற்குக் காரணம். அத்தகைய கழகமொன்றின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே 1946ஆம் ஆண்டில் மாணவர் சிலர் மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்றை நிறுவினர். போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சிக்கென அவசரமாக எழுப்பப்பட்ட மரக்கட்டிடமொன்று அங்கே இருந்தது. பெயரும் இல்லாது இருபதாம் இலக்கக் கட்டிடம் என்றே அது வழங்கிற்று. அதிலே கழகத்துக்கு ஓர் அறை கிடைத்தது. அறையை நிறைத்த பெரிய மேசையொன்றின்மேல் மலை, ஊர், பாலம், தண்டவாளம் யாவும் எழுந்தன.

கழகத்தார் இரு திறத்தினர். ஒரு திறத்தார் வண்டிகளுக்கு வர்ணம் தீட்டி, மலைகளுக்கு மரம் நட்டு, மெய்யான புகையிரதப் பாதைகளைத் தேடிச் சென்று பார்த்து மகிழ்ந்தனர். மறுதிறத்தார்க்கு மேசையின் மேற்புறத்தில் அத்துணை நாட்டமில்லை. அவர்கள் மேசையின் அடியிலே கிடந்தனர். சைகை, மின்வலு உபகுழு என்பது அவர்தம் பெயர். இவ்வரலாற்றின் சிறப்பெல்லாம் அவர்களுக்கே உரியது.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் இது. மாதிரி வண்டி தண்டவாளத்தின் வழியே வரும் மின்சாரத்தால் ஓடுவது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகளை வைத்தால், ஒன்றை நிறுத்த மற்றதும் நிற்கும். ஆகவே பாதையைப் பல துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டத்தையும் தனியே இயக்கல் வேண்டும். வண்டி ஒரு துண்டத்தினின்றும் அடுத்ததற்குச் செல்லுந்தோறும் அதனை ஓட்டுபவரின் ஆணையும் உடன் செல்லல் வேண்டும். இதற்கு அம்மாணவர் தொலைபேசி நிலையங்களின் உறுப்புக்களைப் பயன்படுத்தினர். ஓட்டுபவர் தொலைபேசியின் எண்வட்டைச் சுழற்றித் தமக்கு வேண்டிய துண்டத்தைக் கேட்பார். மேசையின் அடியிலுள்ள மின்காந்த ஆளிகள் படபடவென்று மூடித் திறந்து அதனை அவரிடம் ஒப்படைக்கும். இன்ன நிலை இருந்தால் இன்னது செய், இல்லையேல் வேறொன்று செய் என்னும் தருக்கமே அக்கம்பிகளில் ஓடிற்று. கணினியின் உள்ளத்தில் ஓடுவதும் அதுவே.

மேசையில் நாற்பது மணி நேரம் உழைத்தவர்க்கே அறையின் திறப்பு வழங்கப்பட்டது. வகுப்பில் பெற்ற புள்ளி அங்கே கேட்கப்படவில்லை.

அக்காலத்துக் கணினியோ மாணவர் அணுக முடியாத பொருளாய் இருந்தது. நிறுவகத்திலிருந்த ஐ.பி.எம். 704 யந்திரத்திடம் வினாவ விரும்பியவர், துளையிட்ட அட்டைகளை அதன் காவலரிடம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். (ஆய்வுகூட அலமாரிக்குள் கண்ணாடி வழியே மட்டும் நுணுக்குக்காட்டியைத் தரிசித்த பழைய மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.) 1958ஆம் ஆண்டில் ரி.எக்ஸ்.-0 என்னும் யந்திரம் அங்கு வந்து சேர்ந்தது. அதன்முன் ஒருவர் நேரே அமர்ந்து தாமே இயக்கலாம். முன்னர் கழகத்தில் உறுப்பினராயிருந்த ஜாக் டெனிஸ் என்பார் கழகத்து இளைஞரை அதனிடம் அழைத்துச் சென்றார். பீற்றர் சாம்சன், அலன் கொற்றொக், பொப் சோண்டர்ஸ் முதலியோர் இரவிரவாக அதன்முன் அமர்ந்தனர். சாம்சன் அதனை இசை எழுப்பச் செய்தார். 1961இல் பி.டி.பி.-1 என்னும் யந்திரம் வந்தது. அடுத்த ஆண்டில் ஸ்ரீவ் ரசல் முதலியோர் அதில் விண்வெளிப் போர் விளையாட்டொன்றை அமைத்தனர். அவ்விளையாட்டுக்குக் கைப்பிடிப் பெட்டிகளைச் செய்தவர் கொற்றொக்கும் சோண்டர்ஸும். அவற்றின் உறுப்புக்கள் கிடைத்த இடம் புகையிரதக் கழகத்தின் அறை. இன்று சிறுவர் கையிலுள்ள விளையாட்டுக் கருவிகளுக்கு அப்பெட்டிகளை மூதாதையர் எனலாம்.

இவை எங்ஙனம் எமக்குத் தெரிய வந்தன? சாம்சன் 1959ஆம் ஆண்டில் கழகத்தார் பேசிய சொற்களுக்கு ஓர் அகராதி எழுதி வைத்தார். 'ஹக்' என்னும் சொல் அதில் உண்டு. பயன் கருதாது செய்யும் வேலை என்பதே அங்கு அதன் கருத்து. கணினித் திருட்டைக் குறிக்கும் பொருள் பின்னர் ஒட்டிக்கொண்டது. 1984இல் ஸ்ரீவன் லெவி என்பார் தம் நூலில் இக்கழகத்தின் கதையை விரித்துரைத்தார். இருபதாம் இலக்கக் கட்டிடம் 1998இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்னரே கழகம் இடம் மாறி, புதிய மேசை அமைக்கத் தொடங்கிற்று. ஓர் இளைஞன் விளையாட்டாக எழுதிய சில தாள்கள் இல்லையேல், கட்டிடத்தோடு கதையும் போயிருக்கும். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட்காலை லயங்கள் மண்ணுள் ஆழ்ந்தபோது, எழுதப்படாத எத்தனை கதைகள் உடன் ஆழ்ந்தனவென்று நாம் அறியோம்.

மாதிரிப் புகையிரதக் கழகத்துக்கு ஊவாவைவிட ஏற்ற நாடு எது? மீரியபெத்தைக்கு மேலே மலைமுகட்டில் அப்புத்தளையைத் தொடும் பாதை 1893இல் அங்கு வந்தது. பண்டாரவளையை மறு ஆண்டிலும் பதுளையை 1924இலும் அடைந்தது. தெமோதரையில் அது வட்டமிட்டுத் தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைக் கண்டு பொறியியலாளர் இவ்வழியைக் கண்டார் என்பது செவிவழிக் கதை. கதை இனியதே, கணக்கு அதனினும் இனிது. 87இல் ஒரு பங்கு அளவான மாதிரியில், ஒரு பாதையின்கீழ் இன்னொன்று நுழைய ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். எமது மலைப்பாதையின் மிகு சரிவு 44க்கு 1. எனவே 10 சென்ரிமீற்றர் இறங்க 440 சென்ரிமீற்றர் தண்டவாளம் வேண்டும். அதனை வட்டமாக வளைத்தால் விட்டம் 140 சென்ரிமீற்றர். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், மெய்யில் 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் உடையது, அவ்வளவில் ஒரு மீற்றரைச் சிறிதே கடந்த நீளமும் 28 சென்ரிமீற்றர் உயரமும் கொள்ளும். கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர், எமது அகலப் பாதைக்கோ 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். ஆகவே தண்டவாளத்தைக் கையாலேயே செய்தல் வேண்டும். ஆய்வுகூட மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வட்டத்துக்கும் பாலத்துக்கும் இடம் போதும்.